பிலிப்பைன்ஸ் கடையில் கை பழகினது

எனக்குப் படிப்பு குறைவு. கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதோடு சரி. அதற்கப்புறம் இங்கே பர்மாவில், லத்தாக் கடைத்தெருவில் பருப்பு மூட்டை தூக்கப் போய்விட்டேன். மூட்டை தூக்கியவன் மூட்டைக்கே சொந்தக்காரன் ஆனேன். பசுந்தாங் பேட்டையில் சொந்தமாகக் கட்டடம் வாங்கினேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கூடப் பிறந்த தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தொழில் காட்டினேன். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் எனக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் சீக்கிரம் திரும்பிவிட்டது. வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை. வீட்டில் பல பேருக்கு அதில்தான் வருத்தம். கை மட்டும் வரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் கட்டைவிரல் தள்ளாது. கட்டைவிரல் தள்ளாவிட்டால் சோறு வாய்க்குப் போகாது என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். இன்றைக்குச் சாப்பிடும்போது கவனித்துப் பாருங்கள்.

அதிலிருந்து என் வீட்டுக்காரிதான் ஊட்டிவிட்டாள். பிசைந்து, உருட்டி, வாயில் வைப்பாள். வீட்டுக்குள்ளே நாலு சுவருக்குள் அது நடந்தது, பொறுத்துக்கொண்டேன். இடது கையால் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் பர்மாக்காரர், நல்ல மனுஷர். அவருக்கு நான் எப்படி விளக்குவது? இடது கைக்கு வேறு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

இப்படி இருக்கும்போது பேத்திக்குச் சம்பந்தம் கூடியது. பரிசம் போடக் கோயில் மண்டபத்தில் நாள் குறித்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் வீட்டுக்குப் பெரியவர் இலையில் கை வைத்து முதல் கவளம் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். எங்கள் அப்பாவுக்குப் பிறகு எல்லா விசேஷத்திலும் அந்தக் கை என் கைதான். பந்தி முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு மனுஷனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். அப்பா வரட்டும், நாற்காலியில் உட்காரட்டும், தாம்பூலம் மாற்றட்டும். சாப்பாடு மட்டும் பிறகு வீட்டில் அம்மா ஊட்டிவிடட்டும். பந்தியைச் சித்தப்பா ஆரம்பித்து வைக்கட்டும். சித்தப்பா என்றால் என் தம்பி, நான் தொழில் காட்டிக்கொடுத்தேனே, அவன்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணனுக்குப் பதிலா செய்யறேன், வேற என்ன" என்றான். அவன் தலை குனிந்த விதத்திலேயே அவனுக்கு ஆசை இருந்தது எனக்குத் தெரிந்தது.

ஸ்பூன் வைத்துக்கொண்டு பந்தியிலேயே உட்காரலாமே என்று பெரியவன் யோசனை சொன்னான். இலையைக் கிழிக்கவா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான். அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன். முதல் பந்தியில் நான்தான் உட்காருவேன், இந்தக் கையால்தான் ஆரம்பிப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவார்கள், இல்லாவிட்டால் அறிவுரை சொல்வார்கள்.

ஆனால் எங்கே பழகுவது? வீட்டில் ஒரு பருக்கை கீழே விழுந்தால் போதும், மருமகள்கள் துணியோடு ஓடிவருவார்கள், என் வீட்டுக்காரி தட்டைப் பிடுங்கிக்கொள்வாள். தெரிந்த தமிழ்க் கடைக்குப் போனால் சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி.

என் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முன்னே என் பருப்புக் கடை இருந்தது. சரக்கு வைக்கிற கிட்டங்கியை மகன்கள் வேறு இடத்துக்கு மாற்றியதும் அதை ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாவுக்கு வாடகைக்கு விட்டோம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அதனால் தெருவில் எல்லோரும் அவளைச் சயாமா என்பார்கள், பர்மாவில் டீச்சரம்மாவுக்கு அப்படித்தான். அவள் ஐந்தாறு மேசை போட்டு அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். கடை திறந்த அன்று மேல் மாடியில் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து சாமான் தூக்கத் தொங்குகிற கயிற்றில் ஒரு பை நிறையப் பலகாரம் கட்டி மேலே அனுப்பினாள். உள்ளே என்ன கறி இருக்குமோ என்று பயந்து நாங்கள் தொடவில்லை. ஸ்பூனும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுகிற ஜனங்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சர்ச் முடிந்து வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மேசை நீளத்துக்கும் வாழை இலை. இலை மேலே சோறு, பொரித்த மீன், கோழி, மாம்பழத் துண்டு. எல்லாரும் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வாழை இலை, சோறு, கை. தமிழர் ஒருத்தர் கூட இல்லை.

மறுநாள் மத்தியானம், கரண்ட் போய்க் கடை காலியாக இருக்கிற நேரத்தில், உள்ளே போய் உட்கார்ந்தேன். சயாமா பயந்துபோனாள். கட்டடக்காரர் நேரில் வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஒரு துண்டு வாழை இலையில் சோறும் கோழியும் கேட்டேன். பன்றி, மாடு வேண்டாம் என்றேன். அவள் என்னை 'அபோ' என்று கூப்பிட்டாள், தாத்தா என்று அர்த்தம். 'ஊலே' என்று கூப்பிடு, மாமா போதும் என்றேன். சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பர்மா மொழிதான். என்னுடையது மார்க்கெட் பர்மா, அவளுடையது பள்ளிக்கூட பர்மா. ஓட்டிக்கொண்டோம்.

அந்தக் கோழியை அவர்கள் அடோபோ என்கிறார்கள். வினிகர்க் காடியும் சோயாவும் பூண்டும் மிளகும் போட்டுச் சுண்ட வைத்தது. குழம்பு என்று சொல்ல முடியாது, ஊறுகாய் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. வாய்க்குப் பிடித்தது. ஆனால் வாய்க்கு வந்து சேர்ந்தால்தானே. சோற்றைப் பிசைந்தேன், உருட்டினேன், தூக்கினேன். பாதி வழியில் விரலிடுக்கில் எல்லாம் வழிந்து லுங்கி மேலே விழுந்தது. மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் விழுந்தது. சயாமா கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்கவில்லை என்று எனக்குக் காட்டினாள். அதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போனது.

தினமும் போனேன். நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இறங்குவேன். படி முடிகிற இடத்தில் என் நடை முடிந்துவிடும்.

சில நாள் கழித்து அவளால் பொறுக்க முடியவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள். நீங்கள் சோற்றைக் கையில் உருட்டப் பார்க்கிறீர்கள், அதனால்தான் விழுகிறது என்றாள். அவர்கள் ஊரில் பிசைவது கிடையாதாம். சோற்றை விரல் நுனியால் ஒதுக்கி, இலையோடு சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினால் கட்டியாகும். அதைச் சரித்து விரல் மேல் ஏற்றிக்கொண்டு தூக்க வேண்டும். நம் ஊரில் கை செய்கிற வேலையில் பாதியை அங்கே மேசையே செய்துவிடுகிறது. கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. நான் விளக்கம் கேட்டால் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டேன்.

"பாருங்கள் ஊலே, இப்படி" என்று சொல்லிக்கொண்டே அவள் கையை நீட்டினாள். என் இலையில், என் சோற்றில், நான் கை வைத்துக் கிளறிப்போட்ட இடத்தில், ஒரு கவளம் அழுத்தி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் பதறிப்போய், "எச்சில், எச்சில்" என்று தமிழில் கத்திவிட்டேன்.

அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். பர்மாவில் எப்படிச் சொல்வது? மிச்சம் என்பதற்குச் சொல் இருக்கிறது. அசிங்கம் என்பதற்கு இருக்கிறது. எச்சிலுக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அவசரத்தில் எச்சிலுக்குப் பதிலாகத் துப்பல் என்று சொல்லிவிட்டேன். சோற்றில் துப்பல் இருக்கிறது என்றேன்.

சயாமாவின் முகம் மாறிவிட்டது. சமையல்காரனைக் கூப்பிட்டாள். அவன் ஈரக் கையோடு ஓடிவந்தான். "ஊலே சோற்றில் யார் துப்பினது?" என்று கேட்டாள். அவன் புத்தர் மேல் சத்தியம் பண்ணினான், தாய் மேல் பண்ணினான், கடைசியில் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று மேரி மாதா மேலேயும் பண்ணினான். நான் இரண்டு கையையும் ஆட்டி, அவன் இல்லை, நான்தான், என் துப்பல்தான் என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பர்மாக்காரன் பெரியவர்களை அப்படிப் பார்க்க மாட்டான்.

மெல்ல மெல்ல விளக்கினேன். ஒருத்தர் வாய் பட்ட கை, அந்தக் கை பட்ட சோறு, அது இன்னொருத்தர் தொடக்கூடாதது. ஒருத்தர் சாப்பிட்ட இலையை இன்னொருத்தர் தாண்டக்கூட மாட்டார்கள். சயாமா முழுதும் கேட்டாள். டீச்சர் இல்லையா, கேட்கிற பழக்கம் உண்டு. அப்புறம் சொன்னாள்:

"எங்கள் வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். ஒரே இலை. இதற்கு ஒரு சொல் இருந்திருந்தால் நாங்கள் பட்டினிதான் கிடந்திருப்போம்."

சமையல்காரன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மேலே ஏறிப்போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். என் கை வராதது ஒரு பக்கம். சோறு விழும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று கை நடுவிலேயே நின்றுவிடுகிறது, அது இன்னொரு பக்கம். அந்தச் சொல் இல்லாத ஜனங்கள் நடுவில் உட்கார்ந்தால் கை நிற்காது. இது எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது.

அடுத்த நாளிலிருந்து அழுத்திச் சாப்பிடப் பழகினேன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்குவது குறைந்தது. கட்டைவிரல் தள்ளாவிட்டால் போகட்டும் என்று கையைச் சாய்த்து வாய்க்குள் சரித்தேன். முதலில் கோழியும் கெட்டிச் சோறும். பிறகு பூண்டு போட்டு வதக்கின சோறு. அது உதிர் உதிராக ஓடும், கெட்ட பிடிவாதம் பிடித்தது. ஆனாலும் என் பிடிவாதத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? கடைசியாகச் சினிகாங் என்று புளித் தண்ணீர் ஒன்று, இறாலும் கீரையும் போட்டது. நம் ரசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடத் தெரிந்துவிட்டால் பந்தியில் எதுவும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

பரிசத்துக்கு முந்தின ஞாயிறு சயாமா என்னை நீள இலைக்குக் கூப்பிட்டாள். தனியாகச் சாப்பிடுகிறது ஒன்று, பத்துப் பேர் நடுவில் சாப்பிடுகிறது வேறு என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். போய் நின்றேன். ஹோட்டலில் பாடுகிறவன் ஒருவன், பள்ளிக்கூட டீச்சர்கள், யார் யாரோ. என்னைக் கட்டடக்காரர் என்று அறிமுகம் பண்ணினாள். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பாட்டுக்காரன் மீனைப் பிய்த்து முள் எடுத்து என் பக்கம் தள்ளினான். அவன் விரல் பட்ட மீன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுத்தினேன், எடுத்தேன், தின்றேன். சோறு விழுந்தது. அவர்களுக்கும் விழுந்தது. யாரும் ஒன்றையும் எண்ணவில்லை.

அப்போது கண்ணாடிக்கு வெளியே என் தம்பி நின்றுகொண்டிருந்தான். பரிசத்துச் சாமான் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தவன். கதவைத் திறந்துகொண்டு வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, என்ன இது? ஒரே இலையில, யார் யாரோ கையி..."

"சாப்பிடுறேன். தெரியலையா?"

"எச்சிலாச்சேண்ணே."

"அந்தச் சொல்லு இங்க கிடையாது. நீ சாப்பிடுறியா?"

அவன் மாடி ஏறிப்போனான். நான் கை கழுவி மேலே போவதற்குள் வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிட்டது. அண்ணன் தினமும் நடக்கப் போகவில்லை, கீழே யாரோடோ கூட்டு இலையில் தின்றுகொண்டிருக்கிறார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அந்தக் கையை முதல் பந்தியில் வைப்பதா? பெரியவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்னவன் சன்னலைப் பார்த்தான்.

என் வீட்டுக்காரி யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் கேட்டாள்.

"நீங்களேதான் எடுத்துச் சாப்பிட்டீங்களா?"

"நானேதான்."

"முழுசா?"

"வயிறு நிறைய."

அவள் அடுக்களைக்குப் போனாள். இலை கொண்டுவந்து போட்டாள். மத்தியானச் சோறு வைத்து, ரசத்தை ஊற்றினாள். ஊட்டுவதற்கு எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவள் அன்று எதிரே உட்கார்ந்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான், பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்திருந்தேன், ஆனாலும் உட்கார்ந்தேன். முழங்கையை ஊன்றினேன். ரசச் சோற்றை ஒதுக்கி, இலையோடு அழுத்தி, எடுத்தேன். கொஞ்சம் விழுந்தது. மருமகள் துணியை எடுத்தாள். என் வீட்டுக்காரி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். மீதி வாய்க்குப் போய்விட்டது. மறுபடியும் எடுத்தேன். இலை பாதி காலியானது.

தம்பி மெதுவாக ஆரம்பித்தான். கை வந்தது சந்தோஷம்தான் அண்ணி, ஆனால் அந்தக் கூட்டு எச்சில் விஷயம் என்றான்.

அவள் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் மிச்சம் வைத்த சோற்றை நாங்கள் பார்த்திருக்கவே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாளா இவரு சாப்பிட்ட இலையிலதான் தம்பி எனக்குச் சோறு போட்டாங்க. அப்ப எச்சிலைப் பத்தி யாரும் கூட்டம் போடலையே. பெரியவரு உட்காருவாரு. நீங்க பக்கத்துல உட்காருங்க."

அதற்கு மேல் பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான். அவள் அந்த வழக்கத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பரிசத்தன்று மண்டபத்தில் மேசை போட்டு இலை விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எதிர் வரிசை. என் வலப்பக்கம் தம்பி. சோறு வந்தது, சாம்பார் வந்தது. இரண்டு வரிசையும் என் கையைப் பார்த்தது. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்கள்.

முழங்கையை ஊன்றினேன். சோற்றை ஒதுக்கி அழுத்தினேன். தூக்கும்போது முழுக்கச் சரிந்து இலையிலேயே விழுந்தது. எதிரே இருந்த சம்பந்தி பார்வையைத் தண்ணீர் டம்ளர் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் தம்பியின் கை இலைக்கு மேலே வந்து நின்றது. நான் தொடங்காவிட்டால் தொடங்கலாம் என்று நின்றது.

"இரு" என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். பரிமாறுகிறவர்கள் கூட நின்றுவிட்டார்கள். பசித்தவர்கள் பசித்திருக்கட்டும் என்று நான் அவசரப்படவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், இலை நரம்பு விரலில் தட்டுகிற வரைக்கும். சரித்து ஏற்றினேன். தூக்கினேன். சில பருக்கை சட்டையில் விழுந்தது. மற்றதெல்லாம் வாயில் இருந்தது.

தம்பி இலையில் கை வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு வரிசையிலும் கைகள் இறங்கின.

அவர்கள் எழுந்து கை கழுவப் போன பிறகும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறுகிற பையன் ரசத்தை வைத்துக்கொண்டு, ஊற்றுவதா வேண்டாமா என்று பெரியவன் முகத்தைப் பார்த்தான்.

"அவனை ஏன் பார்க்கிற? சாப்பிடுறது நான். ஊத்து" என்றேன்.